ஐந்தாம் பாட்டுக்குத் தென்னை உயரம்

திருச்செங்கோட்டுக்கு மேற்கே, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை லாரிக்குப் பாடி கட்டுகிற சத்தமே ஊர்ப்பேச்சாக இருக்கும் செம்மாண்டபாளையத்தில், பதினாறு வருஷமாகக் கல்யாணக் கச்சேரிகளில் அடுத்தவர் பாட்டையெல்லாம் கீபோர்டில் வாசித்துவந்த சசிரேகா என்கிற பெண், தனக்கென்று ஒன்பது பாட்டை எழுதி, மெட்டுப்போட்டு, பெயின்ட் டப்பா அடுக்கிய அறையில் எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டையை ஒட்டி, அதற்குள் உட்கார்ந்து தானே பாடி, நாலு வருஷத்துக்குப் பிறகு ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு அந்த ஆல்பத்தை முடித்தாள். முடித்த கையோடு அதை முதலில் கேட்கவைத்தது புருஷன் அர்த்தநாரியைத்தான். அவன் லாரிக்குப் பேர் எழுதுகிறவன். அன்று வாசலில் நின்ற புது லாரியின் நெற்றியில் முக்காலி மேல் ஏறி நின்று எழுதிக்கொண்டிருந்தான். மூன்றாம் பாட்டின் பல்லவி முடிவதற்குள் அவன் முக்காலியை விட்டு நாலடி மேலே போயிருந்தான்.

அர்த்தநாரி கீழே பார்த்தான். இடுப்பு வலிக்காமல் நெற்றிப் பலகை கண்ணுக்கு நேராக வந்திருந்தது. "பாட்டு முடியறதுக்குள்ள அந்தச் செவப்பு டப்பாவ எடுத்துக் குடு புள்ள," என்றான்.

சசிரேகா டப்பாவைத் தூக்கிக் கொடுத்தாள். பாட்டு முடிந்ததும் அவன் வேப்பிலை உதிர்கிற மாதிரி மெதுவாக முக்காலிக்கே வந்து சேர்ந்தான். பாட்டு எப்படி இருந்தது என்று அவள் கேட்டாள். எழுத்து இவ்வளவு நேராக வந்து ஆறு வருஷம் ஆயிற்று என்றான் அவன்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கும். ஏன் அப்படி ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு உயரம் என்று மட்டும்தான் கேட்டார்கள். தச்சுப்பட்டறைக்காரர்கள் அளவுகோலோடு வந்து ஒரே நாளில் கணக்கெடுத்து முடித்தார்கள். முதல் பாட்டுக்கு ஒரு சாண், இரண்டாவதுக்கு முழங்கால், மூன்றாவதுக்குப் பரண், ஐந்தாவதுக்குத் தென்னை, ஆறாவதுக்கு மாடி வீட்டுத் தண்ணித்தொட்டி, ஏழாவதுக்குக் கரண்டுக் கம்பத்தின் உச்சி, எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் மாரியம்மன் கோயில் கோபுரத்தைத் தாண்டி ஆள் உயரம். பாடியவளுக்கு மட்டும் கால் தரையிலேயே இருந்தது, அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமைக்கிறவளுக்குப் பசிக்காது என்கிற மாதிரிதான் அது என்று பக்கத்து வீட்டுப் பாவாயக்கா விளக்கம் சொன்னாள்.

அந்தப் பாவாயக்காதான் மார்கழிக் கடைசியில் பரணைத் துடைக்க மூன்றாம் பாட்டைக் கேட்டு வாங்கிய முதல் ஆள். பிறகு தெருவில் எந்த வீட்டில் ஒட்டடை அடித்தாலும் அதே பாட்டு கேட்டது. தென்னையேறிகள் ஐந்தாம் பாட்டைச் செல்போனில் ஏற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு தோப்புத் தோப்பாகப் போனார்கள். கரண்டு ஆபீஸ் லைன்மேன் ஒருவர், ஏழாம் பாட்டை அலுவல் நிமித்தம் உபயோகிக்க அனுமதி வேண்டி முறையாக ஒரு கடிதமே எழுதினார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாரோ ஆறாம் பாட்டைச் சத்தமாக வைத்து, நின்றிருந்த நாமக்கல் பஸ்ஸுக்குள் இருந்த நாற்பத்தேழு பேரும் தலையால் கூரையை முட்டியதிலிருந்து, பஸ் ஸ்டாண்டு எல்லைக்குள் சசிரேகா பாட்டு கூடாது என்று போர்டு வைத்தார்கள். அந்தப் போர்டை எழுதியது அர்த்தநாரி. கொஞ்சம் உயரத்தில் மாட்ட வேண்டியிருந்ததால் இரண்டாம் பாட்டை வைத்துக்கொண்டே மாட்டினான்.

ஊரே தன் பாட்டைக் கேட்கிறது என்று சசிரேகாவுக்கு முதலில் நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனால் எதிர்ப்பட்டவர்களிடம் பாட்டு எப்படி இருந்தது என்று கேட்கக் கேட்க அவளுக்கு ஒன்று புரிய ஆரம்பித்தது. பாவாயக்கா சொன்னாள், "நல்லா எட்டுச்சு கண்ணு." லைன்மேன் சொன்னார், நன்றாக எட்டியது. கோயில் பூசாரி, கலசம் துடைக்கிற அளவுக்கு எட்டியது என்றார். தென்னையேறிகளின் தலைவர் வையாபுரி மட்டும் குறை ஒன்று இருப்பதாகச் சொல்லி ஐந்து பேரோடு வீட்டுக்கே வந்தார். பாட்டைப் பற்றி யாரோ பேச வந்துவிட்டார்கள் என்று சசிரேகா ஓடிப்போய்ப் பாய் விரித்தாள்.

குறை என்னவென்றால், ஐந்தாம் பாட்டின் நடுவில் மூன்று செகண்டு ஒன்றுமே கேட்காத இடம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் ஆள் மூன்றடி கீழே விழுந்து, பாட்டு திரும்பத் தொடங்கும்போது மேலே இழுக்கப்படுவதால் கையில் இருக்கும் குலை நழுவுகிறது. அங்கே ஒரு மணிச் சத்தமாவது போட்டு அடைத்துத் தரவேண்டும் என்று வையாபுரி பணிவாகக் கேட்டுக்கொண்டார். அந்த மூன்று செகண்டை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது என்று எட்டு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டவள் சசிரேகா. யோசித்துச் சொல்கிறேன் என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டு, முட்டை அட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆல்பத்தை முடித்தாயிற்று, இனி என்ன செய்வது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சினிமாவில் பாடுகிறவர்களுக்கு ஆள் இருக்கிறது, அம்பு இருக்கிறது. தனியாகப் பாட்டுப் போட்டவள் யாரிடம் போய் நிற்பாள்? அர்த்தநாரிதான் கோயம்புத்தூரில் நிரஞ்சன் என்று ஒருவர் இருக்கிறார், சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவர்களுக்கு அடுத்து என்ன செய்யவேண்டும் என்று வழிகாட்டுவதுதான் அவர் தொழிலே என்று யாரிடமோ விசாரித்து வந்து சொன்னான். இருவரும் ஒரு திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனார்கள்.

நிரஞ்சன் கண்ணாடிக் கதவு போட்ட அறையில் இருந்தார். வயது நாற்பதுக்குள். எதைச் சொன்னாலும் விரல் விட்டு எண்ணிச் சொல்கிற பழக்கம் உள்ளவர். முதலில் உங்கள் கேட்பாளர் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள் என்றார். சசிரேகா யோசித்து, தென்னையேறிகள், லைன்மேன், ஒட்டடை அடிக்கிறவர்கள் என்று எழுதிக் கொடுத்தாள். இவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்தவர்களை நான் பார்த்ததே இல்லை என்று நிரஞ்சன் மெச்சினார். பிறகு ஒரு பாட்டைப் போடச் சொன்னார். ஃபேனை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அர்த்தநாரி வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டான், காதில் பஞ்சை வைத்துக்கொண்டான்.

ஆறாம் பாட்டு ஓடியது. நிரஞ்சன் நாற்காலியிலிருந்து கிளம்பி, முதுகு கூரையில் படிய நின்று, அங்கிருந்தே மிச்ச வழிகாட்டலையும் சொன்னார். ஆல்பத்தை ஒரேயடியாக வெளியிடக்கூடாது, மாதம் ஒன்றாக விடவேண்டும். முகத்தைக் காட்டவேண்டும், ஆனால் எப்போதும் சிரிக்கக்கூடாது. ஒன்பது அதிகம், ஐந்து போதும். நாலாவது பாட்டு யாரையும் தூக்குவதில்லை என்று கேள்விப்பட்டேன், அதை எடுத்துவிடுங்கள். சசிரேகா தலையை அண்ணாந்து ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். கழுத்து வலித்தது. பாட்டு முடிந்து அவர் நாற்காலிக்கு வந்ததும் சட்டையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, முக்கியமான விஷயத்துக்கு வந்தார்.

அவருக்குத் தெரிந்த கட்டட கான்ட்ராக்டர் ஒருவர் இருக்கிறார். தமிழ்நாடு பூராவும் அவருக்கு வேலை நடக்கிறது. சாரம் கட்டுகிற தொல்லையே இல்லாமல் இந்தப் பாட்டுகளை வைத்துப் பூச்சுவேலை பார்த்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. குரலும் வரிகளும் இருந்தால் கொத்தனார்களுக்குக் கவனம் சிதறுகிறது. குரலை எடுத்துவிட்டு, தூக்குகிற இசையை மட்டும் எந்த இடைவெளியும் இல்லாமல் எட்டு மணிநேரத்துக்கு நீட்டித் தரவேண்டும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் நல்லது.

"அப்ப நான் பாடுனது?" என்றாள் சசிரேகா.

"அது உங்ககிட்டயே இருக்கும் மேடம். அத யாரும் எடுத்துக்க மாட்டாங்க," என்றார் நிரஞ்சன். ஆறுதலாகத்தான் சொன்னார்.

திரும்பும்போது, பஸ் பெருந்துறை தாண்டியதும் அர்த்தநாரி, உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய் என்றான். எது சரியென்று தெரிந்திருந்தால் கோயம்புத்தூருக்கு எதற்கு வந்தோம் என்று அவள் கேட்டாள். செவ்வாயும் புதனும் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தன் குரலை எடுத்துவிட்டு வெறும் இசையைக் கேட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சுப்பராயன் வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஏணிக்கடை வைத்திருப்பவர், மூங்கில் ஏணி, அலுமினிய ஏணி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். காதில் பஞ்சு அடைத்து, அதன்மேல் மப்ளர் கட்டியிருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. மூன்று மாதமாகக் கடைப்பக்கம் ஒரு ஈ காக்காய் வரவில்லை என்றார். ஏணியில் அணில் கூடு கட்டிவிட்டது என்றார். காது அடைத்திருந்ததால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். சசிரேகா என்ன சொல்லியும் அவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு தாளில், 'என் பாட்டை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?' என்று எழுதிக் காட்டினாள்.

சுப்பராயன் அதைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தனக்கு உயரம் என்றால் ஆகாது என்றார். இருபத்திரண்டு வருஷமாக ஏணிக்கடை வைத்திருக்கிறேன், மூன்றாவது படிக்குமேல் ஏறியதில்லை, இதை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

சசிரேகா இன்னொரு தாளில், 'நாலாவது பாட்டு தூக்காது' என்று எழுதினாள்.

அவர் நம்பவில்லை. மப்ளரை அவிழ்த்து, பஞ்சை எடுத்து, இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பாட்டைப் போட்டாள். தப்பான ஸ்டாப்பிங்கில் இறங்கிவிட்ட ஒருத்தியைப் பற்றிய பாட்டு அது. அடுத்த பஸ் வரட்டும் என்று நிற்கிறாள். பெட்டிக்கடைக்காரி பேச்சுக் கொடுக்கிறாள், ஒரு நாய் வந்து செருப்பருகே படுக்கிறது, வெயில் இறங்குகிறது, பஸ் வருகிறது, அவள் ஏறவில்லை. அவ்வளவுதான் பாட்டு. சுப்பராயனின் கால் தரையிலேயே இருந்தது. முதல் சரணத்தில் ஒரு கையை விட்டார். இரண்டாவது சரணத்தில் இன்னொரு கையையும் விட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை.

மூன்றாவது தடவை முடிந்ததும் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைக்கக் கூடாதுங்க. ரெண்டாவது சரணத்துல தபலா கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க. அந்தப் புள்ள தனியா நிக்கற எடமில்லீங்களா அது."

நாலு வருஷத்திலும் அதற்குப் பிந்தைய மூன்று மாதத்திலும் பாட்டைப் பற்றி அவளிடம் ஒருவர் சொன்ன முதல் வார்த்தை அது. சசிரேகா சட்டென்று எழுந்து சமையல்கட்டுக்குப் போய், முகத்தைக் கழுவிக்கொண்டு, இருந்த முறுக்கு, அதிரசம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிக்கொண்டு வந்தாள். சுப்பராயன் அதிரசத்தைத் தின்றுகொண்டே அவள் கதையைக் கேட்டார், கான்ட்ராக்டர் விஷயம் உட்பட. கேட்டுவிட்டு நெடுநேரம் மென்றார்.

"வேலையா இருக்கறவன் எப்படீங்க பாட்டு கேப்பான்? மேல போனதும் அவன் கண்ணு தேங்காயப் பாக்குது. எனக்கு வேலையில்ல, அதனால கேட்டுப்புட்டேன். எட்டிப் புடிக்க ஒண்ணுமே இல்லாத எடமாப் பாத்துப் பாடுங்க. போயி மேல சும்மா நிக்கட்டும்."

அப்படிச் சும்மா நின்று அலுத்துப்போனால் ஏணிக்குத் திரும்பி வருவார்கள் என்கிற எண்ணமும் தனக்கு உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சசிரேகா நிரஞ்சனுக்குப் போன் போட்டு, கான்ட்ராக்டருக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்றாள். நிரஞ்சன் வருத்தப்பட்டு, ஏன் முடியாது என்பதற்குக் காரணங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். அவளிடம் ஒன்றுதான் இருந்தது. நான் பாட்டுக்காரி என்றாள்.

ஊருக்கு வெளியே லாரி நிறுத்துகிற மைதானம் இருந்தது. மரம் இல்லை, கம்பம் இல்லை, கம்பி இல்லை, சுற்றிலும் பொட்டல். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே சசிரேகா கச்சேரி வைத்தாள். கூரை இல்லாத இடத்தில் ஒன்பதாம் பாட்டுக்கு ஆட்கள் காற்றில் ஈரோட்டுப் பக்கம் போய்விடக்கூடாது என்று, லோடுமேன் மாரப்பன் தலைமையில் பதினெட்டு லோடுமேன்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்து, லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற கயிற்றால் ஒவ்வொருவர் இடுப்பையும் கட்டி, மறுமுனையைத் தரையில் அடித்த முளையில் கட்டினார்கள். முந்நூறு பேருக்கு மேல் கூட்டம். பழக்கதோஷத்தில் அரிவாளோடு வந்த தென்னையேறிகளிடமும், ஒட்டடைக்குச்சியோடு வந்த பாவாயக்காவிடமும் அவற்றை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கல்யாணக் கச்சேரிகளில் அவளோடு வாசிக்கிற தபலாக்காரரைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் முளையோடு ஒட்டிக் கட்டினார்கள். சுப்பராயன் தன்னை இரண்டு கயிற்றால் கட்டச் சொன்னார். அதுவும் போதாமல் ஒரு மூங்கில் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நிரஞ்சனும் கோயம்புத்தூரிலிருந்து வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஹெல்மெட் போட்டிருந்தார்.

முதல் மூன்று பாட்டுக்குக் கூட்டம் ஒரு சாண், முழங்கால், பரண் என்று ஏறி இறங்கியது. மேலே போனவர்கள் வழக்கம்போல் கையை நீட்டித் துழாவினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். அடுத்து ஐந்தாம் பாட்டு தொடங்கியபோது முந்நூறு பேரும் தென்னை உயரத்தில், தென்னை இல்லாத வெட்டவெளியில், கயிற்று நுனியில் மெல்ல ஆடிக்கொண்டு, வேறு செய்ய எதுவும் இல்லாததால் சசிரேகா என்ன பாடுகிறாள் என்று கவனித்தார்கள். அந்த மூன்று செகண்டு வந்தது. அவள் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தாள். ஊர் மொத்தமும் மூன்றடி விழுந்தது. முந்நூறு பேர் ஒன்றாக மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் மைதானத்தில் கேட்டது. மறுபடி அவள் வாசித்ததும் எல்லோரும் ஒன்றாக ஏறினார்கள். வையாபுரி மேலிருந்து, அந்த இடத்தை அடைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். ஒருவர் கயிற்றை ஒருவர் தட்டி, அந்தச் சேதி கீழே வந்து சேர்ந்தது.

நாலாவது பாட்டை அவள் கடைசிக்கு வைத்திருந்தாள். ஒன்பதாம் பாட்டு முடிந்து கூட்டம் தரைக்கு வந்ததும், இனி யாரும் ஏறப்போவதில்லை என்று தெரிந்த லோடுமேன்கள் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் சசிரேகா நினைத்தாள். தபலாக்காரரை இரண்டாவது சரணத்தில் கையை எடுத்துவிடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். முடித்துக் கண்ணைத் திறந்தபோது அவிழ்த்த கயிறுகள் பக்கத்தில் கிடக்க, எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பாவாயக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அது எந்த ஊர் ஸ்டாப்பிங் என்று கேட்டாள். நிரஞ்சன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வந்து, ஐந்து அல்ல, ஒன்பதும் இருக்கட்டும் என்றார். அதற்குமேல் எண்ணிச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

அதற்காக ஊர் ஒரேயடியாக மாறிவிடவில்லை. ஒட்டடைக்கு மூன்றாம் பாட்டும் தேங்காய்க்கு ஐந்தாம் பாட்டும் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அலுவல் நேரம் போக மிச்ச நேரத்தில் லைன்மேன் ஏழாம் பாட்டைக் கம்பத்து உச்சியில் சும்மா நின்று கேட்பதாகப் புகார் வந்தது. கலசம் துடைத்து முடித்த பிறகும் பூசாரி இறங்க மறுத்தார். சசிரேகா அடுத்த ஆல்பத்துக்குப் புது நோட்டு ஒன்று வாங்கினாள். எவ்வளவு உயரத்துக்குப் போடப்போகிறாய் என்று அர்த்தநாரி கேட்டான். முதலில் பாட்டு வரட்டும் என்றாள்.

பத்து நாள் கழித்து, சசிரேகா கடைவீதிக்குப் போய்விட்டு வரும்போது, ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ரோட்டோரம் நின்றிருந்தது. மாரப்பன் மூட்டைகளின் மேல் நின்று தார்ப்பாய்க்குக் கயிறு இழுத்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். ஸ்டாப்பிங் பாட்டு. சுருதி எங்கோ இருந்தது, தாளம் கயிறு இழுக்கிற தாளம். கடைசி வரியில், பஸ் வருகிறது, அந்தப் பெண் ஏறிவிடுகிறாள்.

சசிரேகா நின்றாள். அந்த வரிக்கு மட்டும் அவள் ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்கண்ணா, அவ பஸ்ஸு ஏற மாட்டாளுங்க," என்றாள்.

மாரப்பன் முடிச்சை இறுக்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. "ஏறிட்டாளுங்க அம்முணி. எத்தன நேரந்தான் நிப்பா, காலு வலிக்காதா?"

சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. அந்தப் பெண் ஏன் ஏறவில்லை என்று அரைமணி நேரம் பேசமுடியும். ஆனால் வாயில் வந்தது வேறாக இருந்தது. "எந்த பஸ்ஸுங்க?"

"ராசிபுரம் பஸ்ஸு," என்றார் மாரப்பன், சந்தேகத்துக்கே இடமில்லாமல். அடுத்த கயிற்றை எடுத்துக்கொண்டு பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பல்லவியிலேயே தப்பு. சசிரேகா பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அவள் நிற்பதைப் பார்த்து, வந்துகொண்டிருந்த பஸ் ஒன்று வேகம் குறைத்து ஓரம் கட்டியது. ஏறுறீங்களா என்று கண்டக்டர் தலையை நீட்டிக் கேட்டார். பாட்டு இன்னும் முடியவில்லை என்று சசிரேகா கையைக் காட்டி அவரை அனுப்பிவைத்தாள்.